நூலகரும் புதிய கருவிகளும்

நூல்நிலையம் என்பது நூல்களை அடுக்கிப் பூட்டிவைக்கும் களஞ்சியம் அன்று. நூலும் வாசகனும் ஒருவரையொருவர் கண்டடையும் இடமே நூல்நிலையம். சீர்காழியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய தமது நூலை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டபோது இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டார். வாசகனின் நேரத்தைப் பேணவேண்டும் என்பதும், நூல்நிலையம் ஓயாது வளரும் இயல்பினது என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். நூல்நிலையம் வளருவதாயின் அதன் ஊழியரும் உடன் வளரவேண்டுமன்றோ? இணையவழிச் சமூக ஊடகங்களை நூலக ஊழியர் கற்றுப் பயன்படுத்தல் தகுமா, தகுமெனின் அவற்றை எத்துணை நம்பலாம் என்னும் வினாக்கள் இன்று நம்முன் நிற்கின்றன.

இவ்விடயத்தில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. முகநூலும் யூரியூப்பும் இளைஞரின் பொழுதுபோக்கு, அவற்றில் நூலகருக்கு என்ன அலுவல் என்று கேட்போர் ஒரு சாரார். நூல்நிலையத்தின் பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்து, விழாப் படங்களை இட்டுவிட்டாற் கடமை முடிந்தது என்று கருதுவோர் மறு சாரார். முன்னையவர் வாசகர் கூடும் இடத்தைக் காண மறுக்கின்றனர். பின்னையவர் அங்கே சென்று என்ன செய்வது என்று சிந்திக்க மறுக்கின்றனர். இரண்டும் நூலகப் பணிக்கு உதவா.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலுள்ள சார்லட் மெக்ளென்பர்க் பொது நூலகம் 2006ஆம் ஆண்டில் மேற்கொண்ட முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. அந்நூலகத்தின் தொழில்நுட்பப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஹெலீன் புளோவர்ஸ் என்னும் அம்மையார், ஊழியர் தாமாகவே செய்து பழகுவதற்கென இருபத்துமூன்று சிறு பயிற்சிகளை வகுத்தார். வலைப்பதிவு ஒன்றைத் தொடங்குதல், படங்களைப் பகிர்தல், செய்தியோடைகளை வாசித்தல், நூற்பட்டியலை இணையத்திற் தொகுத்தல் என்பன அவற்றுட் சில. ஒன்பது வாரத்தில் அவற்றை முடித்தவர்களுக்கு இசை கேட்கும் சிறு கருவி ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. அங்கே பெரும் விரிவுரைகளும் இல்லை; பரீட்சையும் இல்லை. தொட்டுப் பார், விளையாடிப் பார், கண்டதை எழுதி வை என்பதே பாடமுறை. இம்முறையை அவுஸ்திரேலியா முதலிய பிற நாட்டு நூலகங்களும் விரைவில் மேற்கொண்டன.

அப்பயிற்சிகளின் வரிசையில் முதலில் நின்றது எந்தக் கருவியும் அன்று. வாழ்நாள் முழுவதும் கற்போரின் பழக்கங்கள் எவை என்னும் சிந்தனையே அது. இவ்வரிசையின் சிறப்பைக் காலம் மெய்ப்பித்துவிட்டது. அன்று ஊழியர் பழகிய கருவிகள் பல இன்று இல்லை. இணையப் பக்கங்களைக் குறித்துவைக்க உதவிய டெலிஷியஸ் 2017இற் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்திற்று. செய்தியோடைகளைத் திரட்டித் தந்த கூகிள் ரீடரை அதன் நிறுவனமே 2013இல் மூடியது. பின்னர் பெரும் ஆரவாரத்துடன் வந்த கூகிள் பிளஸ்ஸும் 2019இற் பொதுமக்களுக்கு இல்லாது போயிற்று. கருவியை மட்டும் கற்றவன் அதனோடு தன் கல்வியையும் இழந்தான். கற்கும் பழக்கத்தைப் பெற்றவனோ அடுத்த கருவியைத் தயக்கமின்றிக் கையிலெடுத்தான். ஆகவே, நூலக ஊழியருக்கு எந்தத் தளத்தைக் கற்பிப்பது என்பதிலும், அஞ்சாது பழகிப்பார்க்கும் மனப்பாங்கை எவ்வாறு ஊட்டுவது என்பதே முதன்மையான வினாவாகும்.

கற்றதனால் ஆய பயன் யாது? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் 2008ஆம் ஆண்டு சனவரியிற் தன்னிடமிருந்த பழைய நிழற்படங்களுள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பிளிக்கர் என்னும் படப்பகிர்வுத் தளத்திற் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. படங்கள் இருந்தன, ஆனால் அவற்றுட் பலவற்றில் உள்ளவர் யார், இடம் எது என்பன பட்டியலிற் தெளிவாக இல்லை. பார்த்தவர்கள் வாளா இருக்கவில்லை. இது எங்கள் ஊர்த் தெரு என்றும், இக்கட்டடம் இன்ன ஆண்டில் இடிக்கப்பட்டது என்றும் எழுதலாயினர். அவ்வாண்டு ஒக்டோபருக்குள் 67,000க்கு மேற்பட்ட குறிச்சொற்கள் சேர்ந்தன. அவர்கள் தந்த தகவல்களைக்கொண்டு, 500க்கு மேற்பட்ட பட்டியற் பதிவுகளை நூலகம் திருத்திச் செம்மை செய்தது. பொதுமக்கள் கூறியதை நூலகம் அப்படியே ஏற்கவில்லை. ஆராய்ந்து, உறுதிப்பட்டதையே பதிவிற் சேர்த்தது. வாசகனின் நினைவும் நூலகரின் ஆய்வுத்திறனும் கைகோத்த இடம் அது.

இவ்வுதாரணம் எம்மவர் நெஞ்சைத் தொடவேண்டும். 1959ஆம் ஆண்டிற் புதிய கட்டடத்திற் திறந்துவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், மேலே கூறிய இரங்கநாதனின் ஆலோசனையையும் பெற்று உருவானது. 1981ஆம் ஆண்டு அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. எரிந்த ஏட்டை மீட்க எந்தக் கருவியாலும் இயலாது. ஆயின், எஞ்சியிருப்பதைப் பேணலாம். 2005ஆம் ஆண்டிற் தன்னார்வலரின் முயற்சியாகத் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் அப்பணியை ஆற்றி வருகின்றது. ஈழத்து நூல்களும், சஞ்சிகைகளும், பத்திரிகைகளும், பாடசாலை மலர்களும் இன்று உலகின் எம்மூலையிலுள்ள வாசகனுக்கும் கிட்டுகின்றன.

எனினும் நூல்கள் மட்டுமா எமது செல்வம்? பழைய பரிசளிப்பு விழாப் படங்கள், நாடக மேடைப் படங்கள், வாசிகசாலைத் திறப்புவிழா அழைப்பிதழ்கள் என்பன வீட்டுப் பெட்டகங்களிலும் கல்லூரி அலுமாரிகளிலும் பெயரின்றிக் கிடக்கின்றன. பின்வரிசையில் நிற்கும் அந்த இளைஞர் யார் என்பதைச் சொல்லவல்ல முதியோர் சிலர் இங்கும், சிலர் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். கைத்தொலைபேசி வழியே பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காண்பதற்குப் பழகிவிட்ட அம்முதியோரிடம், ஊர் நூலகர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி விடை பெறுவது கடினமான காரியமா? ஆனால் காலம் காத்திருக்கவில்லை. ஒரு முதியவர் மறையுந்தோறும் ஒரு படம் என்றென்றைக்கும் பெயரிழக்கின்றது. புதிய கருவிகளைப் பற்றிய இவ்விவாதத்தில் எமக்கு உண்மையான அவசரம் இதுவேயாம்.

அதே வேளையில், எச்சரிக்கையும் வேண்டும். இத்தளங்கள் வணிக நிறுவனங்களுக்கு உரியவை. இலாபம் குன்றும் நாளில் அவை மூடப்படலாம். எமது நாட்டில் 2018ஆம் ஆண்டு மார்ச்சிலும், 2019ஆம் ஆண்டு ஏப்ரிலிலும், மீண்டும் 2022ஆம் ஆண்டு ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் அரசினாற் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டதை வாசகர் மறந்திரார். ஆதலின் முகநூற் பக்கம் நூல்நிலையத்தின் வாயிலாக இருக்கலாம். அதுவே பெட்டகமாகிவிடக் கூடாது. அங்கு இடப்படும் படத்தின் மூலப்பிரதியும், வாசகர் தந்த குறிப்பும் நூல்நிலையத்தின் சொந்தப் பதிவேட்டில் இடம்பெற்றாகவேண்டும். அன்றியும், எல்லாவற்றையும் திரட்டிவிடலாம் என்னும் ஆசையும் வீண். ருவிற்றரின் பொதுப் பதிவுகள் அனைத்தையும் சேமிக்க 2010இல் முன்வந்த காங்கிரஸ் நூலகமே, 2018 முதற் தெரிந்தெடுத்தவற்றை மட்டும் சேர்ப்பதென முடிவு செய்தது. தெரிந்தெடுத்தலே நூலகரின் தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாசகரின் அந்தரங்கத்தைக் காத்தல் மற்றொரு கடமை. இன்னார் இன்ன நூலை இரவல் பெற்றார் என்பது நூலகருக்கும் வாசகருக்கும் இடையே நிற்கவேண்டிய செய்தி. சிறுவர் பகுதியில் வாசிக்கும் பிள்ளையின் படத்தைப் பெற்றோரின் இசைவின்றி ஊரறிய இடுவதும் முறையன்று. விளம்பர ஆர்வம் இவ்வொழுக்கத்தை விழுங்கிவிடலாகாது.

இவையெல்லாம் ஊழியரின் தனி ஆர்வத்தினால் மட்டும் நிறைவேறா. நாள் முழுவதும் இரவற் பதிவும், நூலடுக்கும், தூசு தட்டலுமாகக் கழியும் ஒருவரை, வீட்டுக்குச் சென்றபின் தம் சொந்தச் செலவிற் கணினி பழகிவருமாறு கூறுதல் நியாயமாகாது. நூல்நிலையங்களை நடத்தும் உள்ளூராட்சி மன்றங்களும் கல்வி நிறுவனங்களும் வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் இக்கற்றலுக்கென ஒதுக்குதல் வேண்டும். நூல்நிலையத்தின் பெயரில் எழுதும் உரிமையை ஊழியருக்கு எழுத்தில் வழங்குதல் வேண்டும். சிறு பிழை நேரின் அதட்டாது திருத்துதலும் வேண்டும். பழகிப்பார்க்கும் உரிமையுடன் தவறும் உரிமையும் சேர்ந்தே வருகின்றது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் வெறும் பார்வையாளராக நிற்றல் கூடாது. உயர்தர வகுப்பு மாணவர் சிலர், தம் ஊர்ப் பழம்படம் ஒன்றை எடுத்து, முதியோரிடம் விசாரித்து, பெயரும் ஆண்டும் குறித்து நூலகரிடம் ஒப்படைப்பாராயின், வரலாற்றுப் பாடத்துக்கு அதனினும் சிறந்த பயிற்சி எது? இலக்கிய வட்டத்தினர் தம் கூட்டங்களின் அறிவித்தல்களோடு, அங்கு பேசப்பட்ட நூல்களின் விபரத்தையும் நூலகப் பக்கத்திற் சேர்க்கலாம்.

நூலேணி தந்தவனும் ஏறவேண்டியவனே என்பதை நூலக ஊழியர் உணர்ந்துவிட்டனர். அவர்களுக்கு நேரத்தையும் நம்பிக்கையையும் வழங்கவேண்டிய பொறுப்பு இனி நிருவாகத்தினருடையது. நினைவுள்ளோர் எம்மிடையே இருக்கும்போதே அப்பொறுப்பு நிறைவேறுவதாக.