தானமா, விளம்பரமா?

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது பழைய நெறி. பெருநிறுவனங்களின் இன்றைய நெறி இதற்கு நேர்மாறானது. பள்ளிக்குக் கட்டித் தரும் கழிப்பறைச் சுவரில் நிறுவனத்தின் இலச்சினை. அரசு மருத்துவமனைக்கு வழங்கும் ஆம்புலன்ஸின் நான்கு புறமும் நிறுவனத்தின் பெயர். அமைச்சரிடம் காசோலை வழங்கும் படம் மறுநாள் நாளிதழ்களில். உதவியைவிட அதன் ஆரவாரம் பெரிதாகிவிட்டது.

கொடுப்பது அவரவர் விருப்பமாக இருந்தவரை இதைக் கேள்வி கேட்க இடமில்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் நிலைமையை மாற்றியது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் 135-வது பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ. 500 கோடி, விற்றுமுதல் ரூ. 1,000 கோடி, நிகர லாபம் ரூ. 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். செலவிடாததற்குக் காரணம் கூறினால் போதும் என்றிருந்த சலுகையும் 2021 ஜனவரியுடன் முடிவுக்கு வந்தது. ஆக, இது வள்ளல்தன்மை அல்ல, சட்டக் கடமை. வரி செலுத்தியதற்காக எவரும் மாலை மரியாதையை எதிர்பார்ப்பதில்லை.

பொருள்களுக்கோ சேவைகளுக்கோ சந்தை ஆதாயம் தேடும் நிதியாதரவு சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று 2021-ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. ஆனால், சோப்பு விற்கும் நிறுவனம் கை கழுவும் பழக்கத்தைப் பரப்பினால் அது சேவையா, சந்தையா? ஆற்றில் கழிவைக் கலந்துவிட்டு, அதே கரையில் குடிநீர்த் தொட்டி கட்டித் தந்தால் அது அறமா, பிராயச்சித்தமா, வாயடைப்பா? பொருளை விற்பதைத்தான் விதி தடுக்கிறது. பெயரைக் கழுவிக் கொள்வதைத் தடுக்கவில்லை.

தனியாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. குஜராத்தில் 2018 அக்டோபர் 31-இல் திறக்கப்பட்ட சர்தார் படேல் சிலைக்கு, ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில் உள்ளிட்ட ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 2016-17-இல் ரூ. 146.83 கோடியைச் சமூகப் பொறுப்பு நிதியாக வழங்கின. இது சட்டம் அனுமதிக்கும் பணிகளுக்குள் வராது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே சுட்டிக்காட்டினார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இது.

கரோனா காலத்திலும் இதே போக்குதான். 2020 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'பிஎம் கேர்ஸ்' நிதிக்கு வழங்கும் தொகை சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படும் என்றது மத்திய அரசு. முதல்வர்களின் நிவாரண நிதிக்கு வழங்கும் தொகை அவ்வாறு ஏற்கப்படாது என அதே ஆண்டு ஏப்ரலில் நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் விளக்கமளித்தது. மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு. நன்கொடை ஈர்க்கும் சலுகை தில்லிக்கு! இத்தனைக்கும் அந்த நிதி தகவல் அறியும் உரிமைச் சட்ட வரம்புக்குள் வராது என்பதே பிரதமர் அலுவலகத்தின் நிலைப்பாடு. கொடுக்கும் நிறுவனத்துக்குத் தில்லியின் நற்பெயர்; கணக்குக் கேட்கும் குடிமகனுக்கு மூடிய கதவு.

இந்தச் சட்டத்தால் நன்மையே விளையவில்லை என்று கூறிவிட முடியாது. 2020-21, 2021-22 ஆகிய ஆண்டுகளில் தலா ரூ. 25,000 கோடிக்கும் அதிகமாகச் செலவிடப்பட்டது சிறிய விஷயமல்ல. ஆனால், தொழில்வளம் மிக்க மகாராஷ்டிரமே இந்த நிதியைப் பெறுவதில் தொடர்ந்து முன்னிலை வகிக்கிறது. ஆலை இருக்கும் இடத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்வதால், ஆலையே இல்லாத பின்தங்கிய மாவட்டம் இதிலும் பின்வரிசையில்தான். திட்டங்களின் பயனை மதிப்பிடும் கடமையும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே. மதிப்பிடும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும் அந்த நிறுவனங்களே. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்த ஆளை அமர்த்திக் கொள்வதற்கு ஒப்பானது இது.

சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் சொத்துகளில் நிறுவனங்களின் இலச்சினையைப் பொறிக்கத் தடை விதிக்க வேண்டும். நன்கொடையைப் பறைசாற்றச் செலவிட்ட தொகையை ஆண்டறிக்கையில் தனியாகக் காட்டச் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளரை நியமிக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கக் கூடாது. தங்கள் ஊருக்குத் தேவை எது என்பதைக் கூறும் உரிமை கிராம சபைக்கு வேண்டும். முதல்வர் நிவாரண நிதிக்கும் பிரதமரின் நிதிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

லாபத்தில் ஒரு பங்கு சமூகத்துக்கு உரியது என்று நாடாளுமன்றமே தீர்மானித்த பிறகு, அதைப் பெறுபவர் இரப்பவர் அல்லர், உரிமையாளர். உரிமையாளரின் பணத்தில் சுவரொட்டி ஒட்டிக் கொள்வதற்குப் பெயர் அறம் அல்ல!