வீட்டிலிருந்து வெளிநாட்டுக்கு!

வீட்டில் தையல் மெஷின் வைத்து, துணிப் பை தைக்கிறாள் ஒரு பெண். அந்தப் பையை அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் விலைக்கு வாங்குகிறார். இது கதை அல்ல. இன்று நடக்கக்கூடிய காரியம்தான்!

முன்பெல்லாம் வெளிநாட்டு வியாபாரம் என்றால் பெரிய முதலாளிகளின் வேலை. தரகர் வேண்டும். ஏஜெண்டு வேண்டும். இன்று அந்த வேலைகளில் பலவற்றைக் கம்ப்யூட்டரே செய்து விடுகிறது.

எப்படி?

ஏற்றுமதி செய்ய, சர்க்காரிடம் ஓர் அடையாள எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். ஆபீசுக்கு அலைய வேண்டாம். இன்டர்நெட்டிலேயே மனுப் போடலாம்.

பையைச் செல்போனில் படம் பிடித்து, விலையுடன் இன்டர்நெட் கடையில் போட்டால், உலகமே பார்க்கும்.

பார்சல் அனுப்புவதும் சுலபமாகி விட்டது. முன்பு சுங்க அதிகாரி இருக்கும் தபால் ஆபீசுக்கே சரக்கைக் கொண்டு போக வேண்டும். அது சில ஊர்களில்தான் உண்டு. 2022-ல் புதிய விதி வந்தது. சுங்கப் பத்திரத்தை இன்டர்நெட்டிலேயே தாக்கல் செய்யலாம். தபால் இலாகா நாடெங்கும் 1,000-க்கு மேற்பட்ட ஏற்றுமதி நிலையங்களையும் திறந்தது.

திடீர்த் தடை

இவ்வளவு வசதி இருந்தும் 2025-ல் ஒரு சங்கடம் வந்தது.

அமெரிக்காவில் 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு 2016 முதல் சுங்கவரி கிடையாது. 2025 ஆகஸ்டு 29-ந் தேதி அந்தச் சலுகை ரத்தாயிற்று. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை. அதனால் ஆகஸ்டு 25-ந் தேதியே அமெரிக்கப் பார்சல்களை இந்தியத் தபால் இலாகா நிறுத்தியது. அக்டோபர் 15-ந் தேதிதான் மீண்டும் தொடங்கியது. வரியை இங்கேயே கட்டி அனுப்பலாம் என்று ஏற்பாடாயிற்று. அப்போது 100 ரூபாய்ச் சரக்குக்கு வரி 50 ரூபாய்!

அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்கள் கதி என்ன?

ஆழம் பார்க்க வேண்டும்

கம்ப்யூட்டர் வாங்குபவரைத் தேடித் தரும். வரியைக் குறைத்துத் தராது. ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

விலை வைக்கும் முன், அந்த நாட்டு வரி எவ்வளவு என்று பாருங்கள். தபால் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு நாட்டோடு நிற்காமல் இரண்டு, மூன்று நாடுகளில் வாடிக்கை தேடுங்கள். இவற்றைத் தெரிந்து கொள்ளவும் அதே செல்போன் உதவும்.

பையைத் தைக்கக் கை போதும். கடல் கடந்து விற்கக் கணக்கும் வேண்டும்!