ராசியில்லாத கம்பியூட்டர் என்று ஒன்று இல்லை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கம்பியூட்டர் வைத்திருப்பவர்களும், மலையகப் பாடசாலைகளுக்கும் பிள்ளைகளுக்கும் கம்பியூட்டர் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

பதினான்கு மாதத்தில் என் வீட்டுக் கம்பியூட்டர் நான்கு முறை செத்தது.

முதலில் பவர் சப்ளை. ஒரு மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த அதே நொடியில் "டப்" என்று ஒரு சத்தம், கருகிய வாசம். 6,500 ரூபா. இரண்டாவது, ஏப்ரல் மாதத்து இடி. ரவுட்டர் போனது. அதிலிருந்து வயர் வந்து சேரும் மதர்போர்ட்டின் நெட்வொர்க் பகுதியும் போனது. மூன்றாவது, ஒரு காலையில் ஓன் செய்தால் பீப், பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றுமில்லை. ரேம் என்றார்கள். நான்காவது ஹார்ட் டிஸ்க். இரண்டு நாள் "டிக் டிக்" என்றது. மூன்றாம் நாள் அந்தச் சத்தமும் இல்லை.

எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் அது என்ன கணக்கு என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உம்மா சொன்னார், "கண்ணூறு மகள். வாங்கின அன்றைக்கே எல்லாருக்கும் காட்டினாய்தானே." கடைத் தம்பி சொன்னார், "இந்த மெஷினுக்கு ராசி இல்லை டீச்சர், வித்துட்டு வேற ஒண்டு எடுங்க." நானும் நசீபு என்று சொல்லிக்கொண்டேன்.

கண்ணூறு இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அது மார்க்க விடயம், ஓத வேண்டியதை ஓதிக்கொள்வோம். ஆனால் வகுப்பில் பிள்ளைகளிடம் "ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேடுங்கள்" என்று சொல்கிற நான், நான்கு முறையும் பொருளை மாற்றினேனே தவிர, காரணத்தைத் தேடவில்லை. அதுதான் வெட்கம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மகன். புது ஹார்ட் டிஸ்க் போட்ட அன்று வெறுங்காலோடு வந்து கேசைத் தொட்டுவிட்டு, "உம்மா, விறுவிறுங்குது" என்றான். அந்த விறுவிறுப்பு எனக்கும் பழக்கம்தான். கம்பியூட்டர் என்றால் அப்படித்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அன்றுதான் பயம் வந்தது. வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் கம்பியூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போனார். ஏர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் கிளிப் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமோ தெரியாது. பிறகு மெயின் போர்ட்டைத் திறந்தார். நியூட்ரல் வயரின் ஆணி தளர்ந்து, அந்த இடம் கருகியிருந்தது. புது ஏர்த் கம்பி, கிளிப், அவரது கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபா. பின்னேரம் நான்கு மணிக்கு வேலை முடிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, அல்ஹம்துலில்லாஹ், ஒரு பழுதும் இல்லை. விறுவிறுப்பும் இல்லை.

நாற்பதாயிரம் செலவழித்து மெஷினை நான்கு முறை திருத்தினேன். பிழை இருந்தது சுவரில்.

பாஸ் சொன்னதையும், பிறகு நான் வாசித்துத் தெரிந்துகொண்டதையும் எளிமையாகச் சொல்கிறேன்.

கம்பியூட்டரின் பவர் சப்ளை 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் என்று குறைத்துக் கொடுக்கிறது. அதன் வாசலில் ஒரு வடிகட்டி உண்டு. லைனில் வரும் அழுக்கை அது ஏர்த்துக்குத் தள்ளும். ஏர்த் இல்லாவிட்டால் தள்ள இடமில்லை, கொஞ்சம் மின்சாரம் கேசிலேயே நின்றுவிடும். நாம் தொடும்போது விறுவிறுப்பது அதுதான். "சேர்ஜ் புரொட்டெக்டர்" என்று விலை கொடுத்து வாங்குகிறோமே, அதுவும் ஏர்த் இல்லாவிட்டால் தன் வேலையை முழுதாகச் செய்யாது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். அது நம் உயிரைக் காக்க வைத்தது. கம்பியூட்டரை அது காக்காது.

இப்போது நம் வீட்டுப் பிளக்கைப் பாருங்கள். 13 அம்பியர் சதுர முனை பிளக்கே நாட்டின் தரம் என்று அறிவித்து வருடங்கள் ஆகின்றன. இருந்தும் இரண்டு முனை பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளைக்குள் பேனையையோ ஈர்க்கையோ குத்தித் திறக்காத வீடு எது? அந்த மேல் துளைதான் ஏர்த். நாம் பேனை குத்தும் இடத்தில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

அடுத்தது, கரண்ட் வரும் நேரம். கரண்ட் போவதைவிட அது திரும்பி வருவதுதான் ஆபத்து. வீதி முழுவதும் எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் ஹீட்டரும் ஒன்றாக இழுக்க, வோல்டேஜ் ஏறி இறங்கும். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுவதுமே இருண்டது. குரங்கை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போட முடியும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நமக்குப் புதிதல்ல. இடி நேரத்தில் வயர் உள்ள தொலைபேசியையும் மின் இணைப்பிலுள்ள பொருட்களையும் பாவிக்க வேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. நாம் பிளக்கை மட்டும் கழற்றுகிறோம், டெலிபோன் வயரை விட்டுவிடுகிறோம். என் ரவுட்டரையும் மதர்போர்ட்டையும் கொன்ற இடி அந்த வழியாகத்தான் வந்தது.

ஈரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். ஹட்டனும் குளிருக்குக் குறைந்ததல்ல. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த மெஷின் மேல், காலையில் கேத்தல் கொதிக்கும் ஆவி படிந்தால் உள்ளே நீர் பூக்கும். மூக்குக் கண்ணாடியில் பூப்பது போலத்தான். ரேமின் பித்தளை நிறப் பற்களில் மங்கல் படியும். எனக்கு ரேம் போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது. பழைய ரேமை எடுத்து, பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் போட்டேன். இப்போதும் வேலை செய்கிறது. கம்பியூட்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், குசினிப் பக்கம் வைக்காதீர்கள். பூச்சி மருந்தும் கொஞ்சம் வையுங்கள். பல்லியும் கரப்பானும் பவர் சப்ளைக்குள் சூடு காயப் போய் அங்கேயே ஷோர்ட் ஆகிவிடுகின்றன.

சில நேரம் பிழை மெஷினிலும் இருக்கும், மறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரமற்ற கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போய் மதர்போர்ட்டுகள் வீங்கிச் செத்தன. டெல் நிறுவனம் 2003 முதல் 2005 வரை அனுப்பிய ஒப்டிப்ளெக்ஸ் கம்பியூட்டர்கள் அதில் பேர் போனவை. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் மூடியைத் திறந்து, கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு உறுப்புகள் போகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்டை.

இனி, திருத்த முடியாத ஒன்று.

ஹார்ட் டிஸ்க்கோடு என் பத்து வருட உழைப்பு போனது. வினாத்தாள்கள், பயிற்சிகள், தரம் 3 பிள்ளைகள் முதன்முதலாகப் பாடம் வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்த குரல்கள். கொழும்பில் மீட்டுத் தருவதற்குக் கேட்ட தொகை கம்பியூட்டரின் விலையைவிட அதிகம். விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு அதிசயம். வினாத்தாள்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. எப்படி? காலாகாலமாக மற்ற ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். குழுவில் ஒரு மெசேஜ் போட்டதும் பொகவந்தலாவையிலிருந்தும், கொட்டகலையிலிருந்தும், நாவலப்பிட்டியிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கொடுத்ததெல்லாம் தப்பியது. "இது எனக்கு மட்டும்" என்று வைத்திருந்தவைதான் போயின. அந்தக் குரல்கள் யாரிடமும் இல்லை.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஹார்ட் டிஸ்குகளின் பழுதுக் கணக்கை வருடாவருடம் வெளியிடுகிறது. குளிரூட்டிய மண்டபத்தில், ஏறி இறங்காத கரண்டில் ஓடுபவை அவை. அங்கேயே 2024இல் நூற்றுக்கு ஒன்றரை அளவில் பழுதாகியிருக்கின்றன. நம் வீட்டில் எப்படி இருக்கும்? ஆகவே ஒரு பிரதி கம்பியூட்டரில், ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் அல்லது பென் டிரைவில், ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, கூகுள் டிரைவிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

இவ்வளவும் என் வீட்டுக் கதை. இதை எழுத வைத்தது வேறொரு வீடு.

சில வருடங்களுக்கு முன் என் மாணவி ஒருத்திக்குப் பழைய மாணவர்கள் சிலரைப் பிடித்து ஒரு கம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஐ.சி.டி. பாடத்தில் கெட்டிக்காரி. லயத்தில் வீடு. இரண்டாம் மாதமே அது நின்றுபோனது. அவளுடைய அப்பா பாடசாலைக்கு வந்து, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "எங்க லயத்துக்கு கம்பியூட்டரெல்லாம் சரிப்பட்டு வராதுங்க டீச்சர்."

நான் என்ன செய்தேன்? "பரவாயில்லை" என்றேன். உள்ளுக்குள், பாவித்த விதம் பிழையாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

என் வீட்டு ஏர்த்தைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், இரண்டு முனை பிளக், அதே வயரில் ரைஸ் குக்கர். ஏர்த் என்ற ஒன்று அந்த வரிசையிலேயே இல்லை. கம்பியூட்டர் ஒரு சாக்கால் மூடி கட்டிலுக்கு அடியில் இருந்தது. கடைக்கு எடுத்துப் போனால், போயிருந்தது பவர் சப்ளை மட்டும்.

2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. 35,000 ரூபாவுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கம்பியூட்டர் என்றால் அந்த மனிதரின் இருபத்தாறு நாள் உழைப்பு. அதைச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள், தங்கள் ராசி சரியில்லை என்று. மகள் உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கவில்லை. இப்போது தம்பி அதில் படிக்கிறான். ஆனால் அவளுடைய அந்த வருடங்களை எந்தக் கடையில் திருத்துவது?

ஆகவே என் கருத்து இதுதான். ஏர்த் இல்லாத இடத்துக்குக் கம்பியூட்டர் கொடுப்பது அரை உதவி. சில நேரம் உபத்திரவம். லயன் அறைகளில் மின்னொழுக்கால் தீ என்ற செய்தியை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

கொடுக்க நினைக்கும் சங்கங்கள், பழைய மாணவர்கள், வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கிறேன். பத்துக் கம்பியூட்டருக்குக் காசு இருந்தால் எட்டு வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு வயரிங் பாஸை அனுப்பி ஏர்த்தையும் பிளக்கையும் சரிபாருங்கள், யூபிஎஸ் வாங்குங்கள். லயத்து வீட்டுக்கென்றால் டெஸ்க்டொப் வேண்டாம், பெட்டரி நல்ல நிலையிலுள்ள பழைய லெப்டொப் கொடுங்கள். அந்த பெட்டரியே ஒரு சின்ன யூபிஎஸ். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க ஏர்த் கம்பி அழகாக இருக்காது. ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்த அறையைத் திறந்து பார்க்கும்போது பிள்ளைகள் உள்ளே இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அதிபர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். பழுதான கம்பியூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் அறையைப் பூட்டுவதற்கு முன், ஒரு முறை சுவரைச் சோதியுங்கள்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் கம்பியூட்டர் விறுவிறுத்தால் அது உங்கள் ராசி அல்ல. வீட்டுக்குப் பின்னால் போய் அந்தக் கம்பியைப் பாருங்கள். நீங்களே தொட வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் பாடசாலையிலும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நல்ல வயரிங் பாஸ் தெரிந்தவர்கள் எந்த ஊர் என்று மட்டும் போடுங்கள், இன்ஷா அல்லாஹ் தேவைப்படுபவர்களை இணைத்து விடுகிறேன். பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிருங்கள். பகிர்ந்தது அழியாது என்று அனுபவத்தில் கண்டவள் நான்.