உழைத்த காசு உழைத்தவர் பெயரில்: நானுஓயா தோட்டத்து இளையோரின் கோரிக்கைச் சாசனம்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் 16 முதல் 25 வயது வரையான இளையோரும், அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சேமிக்கத் தெரியாது, வருகிற காசெல்லாம் போனுக்கும் ரீலோடுக்கும் போகிறது" என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. சேமிப்புக் கருத்தரங்குகள் நடந்திருக்கின்றன, உண்டியல்களும் கொடுத்திருக்கிறார்கள். உண்டியல் மீது எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் 2019 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். இந்த வித்தியாசம் சிக்கனக் குறைவால் வந்ததல்ல. லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) பிறந்த பிள்ளையின் பெயரில் காணி இல்லை, வீட்டுக்கு முகவரி இல்லை, கடனுக்குப் பிணை நிற்க ஆள் இல்லை. உழைத்த காசு தங்குவதற்கே இடமில்லாதபோது அதைச் சேமி என்பதில் என்ன பொருள்?

முதலில் வீடு. மற்ற எல்லாமே இதில்தான் தொங்குகிறது. செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) வீட்டிலிருந்து ஒருவர் பெயராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவை விடச் சொல்வார்கள் என்ற பயம் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. அம்மா ஓய்வு பெறும் வயது வந்ததும் அந்தப் பயம் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. உயர்தரம் படிக்கும் மகளைப் பிரட்டுக்கு (காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க) அனுப்புவதா, தம்பியை அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு எழுவது அப்போதுதான். கொழுந்து எடுப்பதை நாங்கள் இழிவாக நினைக்கவில்லை. விரும்பி எடுப்பவர் எடுக்கட்டும். வீட்டைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளை தன் தொழிலைத் தீர்மானிக்கக் கூடாது. புதிய வீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர், ஏற்கெனவே ஒதுக்கிய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி வீட்டுரிமைப் பத்திரங்களை வழங்கினார். விழாக்களுக்கு நன்றி. நாங்கள் கேட்பது, வங்கி மேசையில் வைத்தால் செல்லுபடியாகும் காணி உறுதி. அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை எழுத்திலோ வாய்ப்பேச்சிலோ இருக்கக் கூடாது.

வீட்டோடு முகவரியும் வர வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வந்து சேருகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம், பயிற்சி நெறிக்கான அழைப்பு, வங்கி அட்டை எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த அழைப்பைப் பற்றிக் கேட்டால் எந்த டிவிஷனிலும் ஒரு கதை இருக்கும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே நுவரெலியா பிரதேச சபை இனி அந்தச் சாட்டைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு லயத்துக்கும் வீதிப் பெயர், ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம், தபால்காரர் வாசல் வரை வருவது: இவ்வளவுதான்.

சம்பளத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறோம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்ப்பதாகச் சொன்னது. பறித்த கொழுந்து கிலோவில் குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் வழக்கம் இருக்கும் வரை இந்த எண்கள் தாளில்தான் முழுசாக இருக்கும். முதல் மாதம் பெயர் பதியும் பிள்ளைக்குத் தமிழில் அச்சிட்ட சம்பளத் துண்டு வேண்டும். அதில் சந்தா, முற்பணம், கோயில் வரி என்று ஒவ்வொரு பிடிப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பிள்ளையின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாத பிடிப்பு எதுவும் கூடாது. சம்பளம் அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், தகப்பன் கணக்குக்கோ அண்ணன் கணக்குக்கோ அல்ல.

தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண தரம் முடிந்ததும் புறக்கோட்டைப் புடவைக் கடை, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை, கட்டுநாயக்க கார்மென்ட்ஸ், யாராவது வீட்டில் சமையல் என்று பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். வேலைக்கான ஆகக்குறைந்த வயது 2021 முதல் 16. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், அதற்கு மேல் முதலாளி, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போட வேண்டும். கடையிலேயே சாப்பாடு, கடைக்கு மேலேயே படுக்கை என்ற ஏற்பாட்டில் இவையெல்லாம் காணாமல் போகின்றன. நியமனக் கடிதம் இல்லாத பிள்ளை 5 வருடம் உழைத்துவிட்டு ஊருக்கு வந்தால், அந்த 5 வருடத்தைக் காட்ட அவன் கையில் ஒரு தாள் கூட இருக்காது. தனியார் வீடுகளில் வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்கோ சேமலாப நிதியே கிடையாது. வீட்டு வேலையாட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம். தொழில் திணைக்களம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும் நாட்களில் நானுஓயாவில் தமிழில் நடமாடும் சேவை நடத்த வேண்டும். முறைப்பாடு செய்யக் கொழும்பில் லீவு கேட்டால் வேலையே போய்விடும்.

தொழிற்பயிற்சி இல்லை என்று சொல்ல மாட்டோம். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நெறிகளும் உண்டு. பஸ் காசு, பகல் சாப்பாடு, அந்த மாதங்களில் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம் மூன்றையும் கூட்டினால் இலவச நெறியும் இலவசமாக இருப்பதில்லை. பயிற்சிக்காலக் கொடுப்பனவு அதை ஈடுகட்ட வேண்டும். பாடம் தமிழில் நடக்க வேண்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தொழிலோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவை இல்லாமல் சான்றிதழ் சுவரில்தான் தொங்கும். இன்னொன்று: மேசன் வேலை, கராஜ் வேலை, தொழிற்சாலை இயந்திரங்கள் ஆகியவற்றைக் கையாலேயே கற்றுக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர். முன்கற்றலை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமை வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. அந்த மதிப்பீட்டாளர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இங்கே வரட்டும்.

அடுத்தது சுற்றுலா. நுவரெலியா நகரத்துக்கு இன்று ரயில் கிடையாது. ரயிலில் அங்கே போகிறவர்கள் இறங்குவது, 1885 இல் பாதை வந்து சேர்ந்த நானுஓயாவில்தான். எல்ல ரயிலுக்கு நிற்கும் வெளிநாட்டவர்கள் எங்கள் தேயிலையைப் படம் பிடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பொதி தூக்குகிறார்கள். வழிகாட்டி உரிமத்துக்கான பயிற்சியைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தமிழ் மொழியில் இந்த மாவட்டத்திலேயே நடத்த வேண்டும். பண்டாரவளை ஹோட்டல் பாடசாலையில் தோட்டப் பிள்ளைகளுக்கு இடமும் தங்குமிடமும் ஒதுக்க வேண்டும்.

கடன் கேட்டுப் போனால் நிரந்தரச் சம்பளக்காரர் இருவரைப் பிணைக்குக் கூட்டி வா என்கிறார்கள். எந்த லயத்தில் போய்த் தேடுவது? தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவர் ஏற்கெனவே பத்துப் பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். கடைசியில் லீசிங்கில் ஓட்டோ, இல்லாவிட்டால் வாராவாரம் வந்து நிற்கும் மைக்ரோ கடன். அரச வங்கிகள் சேமலாப நிதிப் பதிவையும் ஒழுங்கான சேமிப்பையும் பிணையாக ஏற்று, சிறு தொழிலுக்கு முதல் கடன் தர வேண்டும்.

பெற்றோராகிய நாங்களும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். மகள் கார்மென்ட்ஸில் உழைத்தது அண்ணன் கல்யாணத்துக்கும் பழைய வட்டிக்கும் என்று இனி முன்கூட்டியே கணக்குப் போட மாட்டோம். வீட்டுக்கு எவ்வளவு, அவள் கணக்கில் எவ்வளவு என்பதை அவளோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிப்போம். இளையோர் தரப்பின் வாக்கு: வீட்டுக்குச் சொன்ன பங்கை மாதம் தவறாமல் தருவோம், வீட்டுக்குத் தெரியாமல் லீசிங் எடுக்க மாட்டோம்.

இந்தச் சாசனம் நுவரெலியா மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், பிரதேச சபை, பெருந்தோட்டக் கம்பனிகள், தொழிற்சங்கங்கள், மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்குக் கையளிக்கப்படுகிறது. காணி உறுதிக்கும் கடன் திட்டத்துக்கும் காலமும் பணமும் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டிலக்கம், தமிழ்ச் சம்பளத் துண்டு, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, பண்டிகைக்கால நடமாடும் சேவை ஆகிய நான்கும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. இந்த நான்குக்கும் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் கேட்கிறோம்.