கிடைத்தலும் ஒரு சிறப்பம்சமே

'ஸ்போர்ட்ஸ் கார்' என்னும் தொடரை 'விளையாட்டுக் கார்' என்று தமிழாக்கினால் கேட்பவர் மனத்தில் தோன்றுவது குழந்தையின் பொம்மைக் கார்தான். தமிழில் 'விளையாட்டு' என்பது பொறுப்பின்மையின் சாயலையும் சுமக்கும் சொல். 'விளையாட்டுப் பிள்ளை', 'விளையாட்டாகச் சொன்னது', 'விளையாட்டு வினையாகும்' ஆகிய வழக்குகளே அதற்குச் சான்று. எனவே ஆங்கிலத் தொடர் தமிழ் எழுத்தில் அப்படியே நிலைத்துவிட்டது. இது மொழிபெயர்ப்பின் தோல்வி மட்டுமன்று. ஒரு பொருள் அன்றாட வாழ்வில் புழங்கும்போதுதான் அதற்கொரு சொந்தச் சொல் பிறக்கிறது. இந்தியச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் காட்சிப் பொருளாகவே இருக்கிறது.

2025 ஜூலை 25 அன்று இந்தியச் சந்தைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் இந்நிலையை மாற்றுமா என்பதே இங்கு எழும் கேள்வி. அதன் சிறப்பம்சங்கள் குறைவானவை அல்ல. இரண்டே இருக்கைகள், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், பொத்தானை அழுத்தினால் மடங்கும் துணிக்கூரை, 77 கிலோவாட் மணி பேட்டரி, 510 குதிரைத்திறன், 725 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று பட்டியல் நீள்கிறது. நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 3.2 நொடியில் எட்டும் என்கிறது நிறுவனம். ஒருமுறை மின்னேற்றினால் இந்தியச் சோதனை முறைப்படி 580 கிலோமீட்டர் செல்லும் என்பதும் அறிவிப்பில் உண்டு. மின்கார் என்றாலே அழகற்ற பெட்டி என்று எண்ணியிருந்தோருக்கு இது நல்ல மறுமொழிதான்.

ஆயினும் இவ்வெண்களை இந்திய நிலத்தில் வைத்துப் படிக்கவேண்டும். யமுனா விரைவுச்சாலையில் கார்களுக்கான உச்சவேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அப்படியானால், இக்காரின் தனிப்பெருமையாகிய வேகவளர்ச்சியைச் சட்டத்துக்கு உட்பட்டு நுகரக் கிடைப்பது 3.2 நொடி மட்டுமே. இந்திய சாலைப் பேரவையின் நெறிமுறை பரிந்துரைக்கும் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நெறிமுறையைக் காணாத வேகத்தடைகளே தெருக்களில் மிகுதி. நிலத்தை ஒட்டித் தாழ்ந்து ஓடுவதற்கென்றே வடிக்கப்பட்ட ஊர்தி அங்கே ஆமைபோல் ஊர்ந்தாகவேண்டும். ஆக, விளம்பரம் முதலில் உரைக்கும் அம்சங்களே இங்கு மிகக் குறைவாகப் பயன்படுகின்றன.

விளம்பரம் அடிக்குறிப்பில் ஒதுக்கும் அம்சம் வேறொன்று. அது கிடைத்தல். 2025இல் அறிமுகமானபோது சைபர்ஸ்டரின் காட்சியக விலை 74.99 லட்சம் ரூபாயாக இருந்தது. முன்பதிவு செய்தோருக்கு 72.49 லட்சம். பெருநகரங்கள் சிலவற்றில் அமைந்த தனிக் காட்சியகங்களில் மட்டுமே விற்பனை. அதே காலத்தில் 340 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் காரான பிஎம்டபிள்யூ இசட்4 இன் விலை 90 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதனுடன் ஒப்பிட்டுச் சைபர்ஸ்டரை மலிவு என்று கொண்டாடியவர்களும் உண்டு. அந்த மலிவில் வரிக்குப் பெரும் பங்குண்டு. மின்கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. பெரிய பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. முழுதாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் காரின் மதிப்பு 40,000 டாலரைத் தாண்டினால் சுங்கச்சுமை ஏறத்தாழ 110 விழுக்காடு என்பது இவற்றுக்கு முன்னரே கணக்கில் ஏறிவிடும்.

சைபர்ஸ்டரின் குலப்பெருமையாகச் சொல்லப்படுவது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி. அந்தக் கார் 95 குதிரைத்திறனை ஒட்டிய எளிய என்ஜின் கொண்டது. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் சைபர்ஸ்டரின் முன் அது நிற்கவே முடியாது. ஆனால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்கள் விற்றன. பெருஞ்செல்வர் அல்லாதவரும் வாங்க முடிந்ததே அதன் வரலாற்றுப் பெருமை. அம்மரபை 1989இல் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 வழியாகக் கைக்கொண்டது. ஏறத்தாழ ஒரு டன் எடை, இரண்டு இருக்கை, சிறிய என்ஜின், மிதமான விலை. 2016இல் அதன் உற்பத்தி பத்து லட்சத்தைக் கடந்தது. அந்தக் கார் இந்தியக் காட்சியகம் எதிலும் விற்பனைக்கு வந்ததில்லை. இங்கே குடும்பக் காருக்கும் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள காருக்கும் இடையில் படிக்கட்டே இல்லை. மொழியியலில் பொருள் இருந்தும் சொல் இல்லாத இடத்தைச் சொல் வெற்றிடம் என்பர். இந்தியக் கார்ச் சந்தையில் ஆசை இருந்தும் பொருள் இல்லாத வெற்றிடம் இது.

இவ்வெற்றிடத்துக்கு வரிச்சட்டத்தின் சொற்களும் ஒரு காரணம். பெருங்கார்களுக்கான மேல்வரியை வரையறுக்க ஜிஎஸ்டி மன்றம் 2023இல் நீளம், என்ஜின் கொள்ளளவு, தரை இடைவெளி ஆகிய அளவுகோல்களைத் தெளிவுபடுத்தியது. எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் அளவு பொருந்தினால் வரி உண்டு என்பதே அதன் சாரம். இதைப்போன்றே நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் என்ஜினும் உள்ள கார் இன்று 18 விழுக்காடு வரிக்குள் அடங்குகிறது. எம்எக்ஸ்-5 இன் நீளம் 3.9 மீட்டரை ஒட்டியது, நீளத்தில் தேறிவிடும். 1.5 லிட்டர் என்ஜினால் தோற்றுவிடும். கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம் நின்றுபோன காரணங்களுள் ஒன்று, அது விளையாட்டா பொழுதுபோக்கா என்ற வரிச் சிக்கல். ஒரு சொல்லின் பொருள்வரையறை ஒரு பந்தயத்தையே நாடுகடத்த வல்லது.

அவ்வரையறைக்குள் நின்றுகொண்டே ஸ்போர்ட்ஸ் கார் செய்ய முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று இந்தியாவிடமே உண்டு. 2017 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் டாடா நிறுவனம் ரேஸ்மோ என்ற இரண்டு இருக்கைக் காரை வைத்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் உடல், 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 190 குதிரைத்திறன். அது விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டது. அதற்கும் முன்னர், 1990களின் இறுதியில், சான் மோட்டார்ஸ் கண்ணாடியிழை உடலும் ரெனோ என்ஜினும் கொண்ட சான் ஸ்டார்ம் என்ற சிறு திறந்த காரை உருவாக்கியது. அதுவும் பரவாமல் மறைந்தது. திறமை இல்லாமல் இவை நிற்கவில்லை. முதலீட்டின் பொறுமை இல்லாமல் நின்றன என்று கருதவே இடமிருக்கிறது.

இந்நாட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, முதலில் பேருந்தைப் பெருக்குங்கள் என்பது வலுவான எதிர்வாதம். பொதுப் போக்குவரத்தே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வாதம் உண்மையில் தடுப்பது யாரை? 75 லட்சம் கொடுப்பவரை அது தடுப்பதில்லை. அவருக்கு ஐந்து விழுக்காடு வரியில் கார் காத்திருக்கிறது. 2025 அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் நூறு மட்டுமே இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய் விலையிலும் அவை முன்பதிவிலேயே தீர்ந்தன. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் கார்களின் சுங்கவரியைப் படிப்படியாக 10 விழுக்காட்டுக்குக் குறைக்க வழிசெய்கிறது. அதன் பயனும் மேல்தட்டுக்கே முதலில் சேரும். தடுக்கப்படுவது நடுத்தர வாங்குநரும் உள்நாட்டுப் பொறியாளருமே.

இரு சக்கர ஊர்தியின் கதை இதற்கு நேர்மாறானது. ஓசூரில் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 தயாராகிறது. அதே ஆலையில் பிஎம்டபிள்யூவுக்கான 310 வரிசையும் உருவானது. புனே அருகே சாக்கனில் பஜாஜ் ஆலையிலிருந்து கேடிஎம் 390 டியூக் பல நாடுகளுக்குச் சென்றது. சில லட்சம் ரூபாயில், சட்டத்துக்கும் சாலைக்கும் பொருந்தும் அளவில், ஓட்டும் இன்பத்தை முதன்மையாக்கிய வண்டிகள் இவை. இந்தியர் இதற்குத் தகுதியற்றவர் என்னும் கூற்றை இவ்வாலைகள் முன்பே பொய்யாக்கிவிட்டன.

இழப்பின் முழு அளவு பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில்தான் தெரியும். சுப்ரா எஸ்ஏஇ இந்தியா, ஃபார்முலா பாரத் ஆகிய போட்டிகளுக்காக ஆண்டுதோறும் மாணவர்கள் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, சிறு பந்தயக் கார்களைத் தாமே கட்டுகின்றனர். எடைக்கும் திறனுக்குமான விகிதம், திருப்பத்தில் சக்கரத்தின் பிடிமானம், தடுப்பானின் வெப்பம் ஆகியவற்றை ஏட்டில் படித்துக் கையால் சோதித்த தலைமுறை அது. பட்டம் பெற்றபின் அக்கல்வியை நேரடியாகக் கேட்கும் உள்நாட்டுக் கார் ஒன்றுகூட அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. பலர் வெளிநாடு செல்கின்றனர். எஞ்சியோர் குடும்பக் காரின் கோப்பைத் தாங்கியை வடிவமைக்கின்றனர்.

எனவே அடுத்த ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமாகும்போது 3.2 நொடியைக் கண்டு வியப்பதோடு நிற்கலாகாது. எத்தனை கார்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை ஊர்களில் பழுதுபார்க்க இயலும், எந்த வரிச்சொல்லின் கீழ் அது வந்தது, உள்நாட்டில் கட்ட ஏன் எவரும் முன்வரவில்லை என்ற வினாக்களும் எழவேண்டும். நான்கு மீட்டருக்குள், 1,200 கன சென்டிமீட்டருக்குள், பதினெட்டு விழுக்காடு வரிக்குள் ஓர் எளிய இரண்டு இருக்கைக் காருக்குச் சட்டத்தில் இன்றும் இடமிருக்கிறது. அவ்விடத்தில் ஒரு கார் வந்து நின்று, ஊர்ப் பணிமனையில் பழுதுபார்க்கப்பட்டு, இரண்டாம் கை சந்தையில் கைமாறும் நாளில், அதற்குத் தமிழில் ஒரு பெயரும் தானே பிறந்திருக்கும்.