ஸ்பானிய வினைகளும் ஆங்கிலத் தரகும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்ரயிலில் சென்ற ஓராண்டாக ஸ்பானிய வினைத்திரிபுகளை மனனம் செய்துவருகிறேன். வகுப்பில் உடன் பயில்வோர் அனைவரும் வேலையை முன்னிட்டு இம்மொழியைக் கற்கும் இளைஞர்கள். ஹுவான் ரூல்ஃபோவின் ‘பெத்ரோ பராமோ’வை (1955) மூலத்தில் வாசிக்கவேண்டும் என்ற பேராசையோடு, ஐம்பதைக் கடந்தபின் வந்து சேர்ந்தவன் நான் ஒருவனே.

வகுப்பு ஆங்கில வழியில் நடக்கிறது. கற்பிப்பவரும் தமிழர், கற்பவர்களும் தமிழர்கள். ஆயினும் ‘நான்’, ‘நீ’ என்ற எழுவாய்களைச் சொல்லாமலேயே ஸ்பானிய வினைமுற்று தன்னை ஆள்பவர் யார் என்று காட்டிவிடும் என்பதை ஓர் அற்புதம் போல அரைமணி நேரம் விளக்கினார்கள். ஆங்கிலேயனுக்கு அது அற்புதம்தான். ‘பேசுகிறேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘ஆப்லோ’ என்பதில் என்ன வியப்பு? பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ். இரு வரிசைகளையும் அருகருகே எழுதினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற பாடம் அது. வினைகள் ஆர், ஏர், ஈர் என மூன்று வகைப்படும் என்று கேட்டு வகுப்பே பெருமூச்செறிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வினைக்கும் அருகில் அது திரியும் வகையைக் குறிக்கும் எண் இருக்கும். மொத்தம் 13 வகைகள். நடந்தேன், படித்தேன், நின்றேன், கேட்டேன் என்று ஒரு பிழையுமின்றிப் பேசுகிறவர்கள் மூன்றுக்கு அஞ்சுவானேன்?

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்லவரவில்லை. ஆர், ஈர் ஆகியவற்றை நம் பால், இட விகுதிகளாகவே கேட்டுப் பழகிய காது, அவை அங்கே வெறும் வினைப்பெயரின் ஈறுகள் என்பதை ஏற்க நாளாகும். ‘ஆப்லோ’வில் முதலசையை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’, ஈற்றசையை அழுத்தினால் ‘அவன் பேசினான்’ (அல்லது அவள், ஸ்பானிய வினை பால் காட்டாது). அசையழுத்தத்தால் பொருள் மாறுவது தமிழில் இல்லாத வழக்கம். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கின்றன, பாருங்கள்.

ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொன்று. ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு வகை. ஒருமுறை நடந்து முடிந்த செயலுக்கு ஒன்று. வழக்கமாக நடந்துவந்ததற்கும், பின்னணியில் நீண்டுகிடந்ததற்கும் மற்றொன்று. ‘ஆப்லோ’ என்றால் அன்று பேசினாள். ‘ஆப்லாபா’ என்றால்? ஆங்கில விளக்கங்களோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பிறகு ஒருநாள் குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் இடையில், எதிரிருக்கை அம்மாள் தம் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “அப்பல்லாம் எங்க பாட்டி ராத்திரி பூரா பேசுவா.” பேசுவாள்! பள்ளி இலக்கணம் எதிர்காலம் என்று சொல்லித்தந்த அதே வடிவம், ‘அப்போதெல்லாம்’ என்ற ஒரு சொல்லின் துணையோடு கடந்தகால வழக்கத்தைச் சொல்கிறது. ‘ஆப்லாபா’வின் பாதிப்பொருள் இது. மறுபாதிக்குப் ‘பேசிக்கொண்டிருந்தாள்’ என்பது பெரும்பாலும் பொருந்திவிடும்.

இது மாணவர்களின் இடர்ப்பாடு மட்டுமன்று. தமிழில் நாம் வாசித்துள்ள லத்தீன் அமெரிக்கப் புனைவுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் வழி வந்தது. அம்மொழிபெயர்ப்பாளர்கள் இல்லையேல் ரூல்ஃபோவின் பெயரே எனக்குத் தெரிந்திராது. அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன். ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலம் அந்த இரண்டு வடிவங்களையும் விழுங்கிவிடக்கூடியது. வேறுபடுத்தும் வழிகள் அதற்கும் உண்டு. வாக்கியந்தோறும் அவற்றைப் போட்டால் நடை கனத்துவிடும். எனவே அங்கே பொதுவாக நின்றுவிட்ட வினை, தமிழுக்கு வரும்போது ‘பேசினாள்’, ‘வந்தான்’, ‘அழுதாள்’ என்று ஒரே தாளத்தில் இறங்குகிறது. நினைவுகூர்தலே உயிராக உள்ள படைப்பில் இது சிறிய இழப்பன்று. ஓர் இரவின் நிகழ்ச்சியும் ஓர் ஊரின் நெடுநாள் வழக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. மூலத்தில் அந்த வேறுபாடு இருக்கிறது. தமிழிலும் அதைச் சொல்ல வடிவம் இருக்கிறது. இடையிலுள்ள தரகரிடம் அது தொலைகிறது. முழுமொழியையும் கற்க இயலாதவர்கள், இந்த இரண்டு இறந்தகால வடிவங்களையேனும் அறிந்துகொண்டு, மூலநூலைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கலாம் அல்லவா?

ரயில் பரங்கிமலையை அடையும்போதெல்லாம் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் நினைவுக்கு வருகிறார். (அந்தப் பரங்கியர்கள் போர்த்துக்கீசியர்களே, மலைமேல் தேவாலயம் கட்டியவர்களும் அவர்களே.) முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அந்தப் பாதிரியார், 1549 வாக்கில் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் நம் வினைகளை அடக்க அவர் படும் பாடு சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் தமிழ் வினையைத் தம் தாய்மொழியின் வினைக்கு நேரெதிரே வைத்துப் பார்த்தார், நடுவில் எவரையும் அமர்த்தவில்லை. ஸ்பானியம் போர்த்துக்கீசியத்தின் உடன்பிறப்பு. அவர் இங்கிருந்து அங்கே போட்ட பாதையில் நாம் எதிர்த்திசையில் நடக்கலாம். நடக்காமல் லண்டனைச் சுற்றிக்கொண்டு போகிறோம்.

இப்போது என் குறிப்பேட்டில் ஆங்கிலப் பத்தியை அடித்துவிட்டு, இடப்பக்கம் ஸ்பானியம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதிவருகிறேன். ‘எஸ்தோய் ஆப்லாந்தோ’வுக்கு எதிரே ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பது அச்சில் வார்த்ததுபோல அமர்ந்துவிட்டது. ‘ஃபுய்’ என்ற வடிவத்தில்தான் மாட்டிக்கொண்டேன். போதல் வினைக்கும் அதுவே இறந்தகாலம். ‘நான் இன்னாராக இருந்தேன்’ என்னும்போது வரும் இருத்தல் வினைக்கும் அதுவே. போனேன், இருந்தேன் இரண்டும் ஒரே சொல். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாரமாக ஒன்றும் எழுதவில்லை.