வானில் ஒரு மணி நேரம், தரையில் ஐந்து மணி நேரம்

தென்காசி மாவட்டத்துச் சிவகிரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய மூன்று விமான நிலையங்களும் ஏறத்தாழ 90 முதல் 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. ஆனாலும், விமானம் ஏற நினைக்கும் சிவகிரிக்காரருக்கு மூன்றில் எதுவுமே பக்கத்தில் இல்லை.

மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 415 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் போய்விட வேண்டும். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். இத்தகைய குறுகிய பயணத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

பயணி செலவிடும் நேரம் இதைவிடப் பெரிது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நெரிசலைக் கடந்து மதுரை விமான நிலையம் சேர இரண்டரை மணி நேரமாவது ஆகும். சோதனைகளுக்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். சென்னையில் இறங்கி வீடு சேர இன்னுமொரு மணி நேரம். ஆக, ஒரு மணி நேரச் சொச்சம் பறப்பதற்காகத் தரையில் ஐந்து மணி நேரம் கழிகிறது. சங்கரன்கோவிலில் மாலையில் பொதிகை ரயில் ஏறுபவர் தூங்கி எழுந்தால் சென்னையில் இருக்கிறார்.

புளியங்குடி, கடையநல்லூர் பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கு ரயில் மாற்றாகாது. அவர்களில் பலர் செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதை வழியே திருவனந்தபுரம் போகிறார்கள். சரக்கு லாரிகளுக்குப் பின்னால் வளைவுகளில் ஊர்ந்து, எங்கே விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற பதற்றத்துடன் போகும் பயணம் அது.

அப்படியானால் தென்காசி மாவட்டத்துக்கே ஒரு விமான நிலையம் கேட்கலாமே என்று தோன்றும். சிறு நகரங்களை வான்வழியே இணைக்க 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் அனுபவம் நம்மை எச்சரிக்கிறது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கப்பட்டன; மூன்றாண்டு மானியக் காலத்துக்குப் பிறகும் 2023 மார்ச்சில் நீடித்தவை 54 மட்டுமே என்கிறது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. சேலத்திலேயே 2018-இல் தொடங்கிய சேவை 2021-இல் நின்று, 2023-இல்தான் மீண்டும் தொடங்கியது.

கனடாவின் வடகோடியில் இக்கலூயிட் போன்ற ஊர்களுக்கு வெளியூர்ச் சாலையே கிடையாது. அங்கே விமானம்தான் பேருந்து; அதற்கு அரசு செலவிடுவது நியாயம். நமக்குச் சாலையும் தண்டவாளமும் இருக்கின்றன. அவற்றைச் சீர்செய்யாமல் ஓடுபாதைக்குப் பணம் கொட்டுவது வீண்.

மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. இவற்றின் பயன் மேற்கு எல்லையிலுள்ள ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும். விமான நேரங்களுக்கு ஏற்ப தென்காசி, சிவகிரி வழியாக மதுரை விமான நிலையத்துக்கும், சங்கரன்கோவில் வழியாகத் தூத்துக்குடிக்கும் அரசு விரைவுப் பேருந்துகள் ஓட வேண்டும். திருமங்கலத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலை ராஜபாளையத்தோடு நின்றுவிடாமல் செங்கோட்டை வரை நீள வேண்டும். விருதுநகர்–தென்காசி ஒற்றை ரயில் பாதை இரட்டைப் பாதையாக வேண்டும். இந்த மூன்றையும் மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் கட்சி வேறுபாடின்றிக் கேட்டுப் பெற வேண்டும்.